யார் செய்த வினை?

“அண்ணா போன பிறவியில என்ன பாவம் செஞ்சாரு, சேர்?”

குருவிட்டவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், ஞாயிறுதோறும் நான் நடத்தும் அறநெறி வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி இது. அவளுடைய மூத்தவன் கொழும்புப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தவன். கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது, அவிசாவளை ரயில் பாதையில், கேட் இல்லாத ஒரு கடவையில் அடிபட்டு இறந்துபோனான். அவனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து லயத்து வாசலில் வைத்திருந்த இரண்டு நாளும், வந்தவர்கள் எல்லோரும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். “தலையெழுத்து, அக்கா. அவன் கொண்டுவந்தது அவ்வளவுதான்.” அந்தப் பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெரியவர்கள் ஆறுதல் என்று சொன்னதை அவள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டாள். அண்ணா ஏதோ செய்திருக்கிறார், அதனால்தான் இப்படி நடந்தது என்பது அவளுடைய கணக்கு.

“உங்க அண்ணா ஒரு பாவமும் செய்யல்ல மகள்” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். அடுத்த வாரம் கோயில் கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் என்னிடம் வந்தார்கள். “அப்படின்னா கன்மம் பொய்யா, சேர்? சைவப் பிள்ளைகளுக்கு நீங்களே இப்படிச் சொல்லலாமா?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். பிள்ளைக்கு ஒரு வரி போதும். பெரியவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

குருவிட்டவில் இன்று ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்த களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரி வரை நீண்டபோது எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போனது. தேயிலையும் றப்பரும் அந்தக் குறுகிய தண்டவாளத்தில்தான் இறங்கின. 1970களில் அவிசாவளைக்கு இப்பால் பாதையை மூடிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பிள்ளைகள் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். தோட்டத்தில் பேர் பதிந்து பெரட்டில் நிற்க விருப்பமில்லாதவர்கள் பஸ்ஸில் அவிசாவளைக்கும், அங்கிருந்து பாதுக்கை, ஹோமாகம, மஹரகம, நுகேகொடை என்று அந்தப் பாதை போகும் ஊர்களுக்கும் பிழைக்கப் போகிறார்கள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடும் பாதை அது. வளைவுகள் அதிகம், கடவைகளும் அதிகம். ஊர் தெரியாத பையன் ஒருவன் அங்கே தண்டவாளத்தைத் தாண்டுவது நாளாந்தக் காரியம்.

இனி கன்மத்துக்கு வருவோம்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. முன்னைப் பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கு அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். இழவு வீட்டில் நாம் பேசுவது பிராரத்தத்தை மட்டும்தான். ஆகாமியத்தை அங்கே யாரும் எடுப்பதில்லை. நடப்பதெல்லாம் அடிபட்டவனுடைய பழைய வினை என்றால், அடித்தவனுக்கும், கேட்டைத் திறந்து விட்டவனுக்கும், கேட்டே போடாமல் விட்டவனுக்கும் வினை என்று ஒன்றும் இல்லாமல் போகும். எல்லாரும் செத்தவனுடைய கணக்கைத் தீர்க்க வந்த கருவிகள் ஆகிவிடுவார்கள். அப்படியானால் உலகத்தில் புதிய வினையே பிறக்காது. புதிய வினை பிறக்காவிட்டால் பழைய வினை எங்கிருந்து வந்தது? கன்மக் கொள்கை நிற்க வேண்டுமென்றால், இன்று ஒரு மனிதன் கவனமில்லாமல் செய்வது இன்றைய செயலாக, அவனுடைய செயலாக இருந்தாக வேண்டும். ஆகவே “அவன் தலையெழுத்து” என்று முடித்துக்கொள்பவர் கன்மத்தைக் காப்பாற்றவில்லை. அதில் பாதியை வெட்டி எறிகிறார்.

இன்னொன்றையும் சித்தாந்தம் சொல்கிறது. வினை சடம், அதற்கு அறிவு கிடையாது. செய்தவனைத் தேடிப் பிடித்துப் பலனைக் கொடுக்க அதனால் முடியாது. அதைக் கூட்டுவிக்க அறிவுள்ள இறைவன் வேண்டும். எந்த உயிருக்கு எந்த வினை எப்போது வரும் என்பது இறைவன் ஒருவனுக்கே தெரியும் என்றால், இழவு வீட்டு வாசலில் நிற்கும் எனக்கு அது எப்படித் தெரியும்? இன்னொருவருடைய வினைக்கணக்கை நான் வாசித்துச் சொல்வது இறைவனுடைய இடத்தில் நான் உட்கார்வதாகும். பக்தன் செய்யும் வேலை அதில்லை.

எங்கள் அயலவர்களின் மதங்களும் இந்த இடத்தில் இதே எச்சரிக்கையைத் தந்திருக்கின்றன. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற பரிவிராஜகர் புத்தரிடம், மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்செய்த வினையால்தானா என்று கேட்கிறார். புத்தர் அதை மறுத்து எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், கவனமற்ற நடத்தை, பிறர் செய்யும் தாக்குதல், கடைசியில்தான் வினையின் பலன். கவனமற்ற நடத்தைக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். குருவிட்டவில் விகாரையும் தேவாலயமும் கோயிலும் இருக்கின்றன. செத்தவன் மேல் பழி போடுவதற்கு இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் கடல் ஏறிவந்து ஒரு ரயிலையே புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான்கு மாதம் கழித்து, 2005 ஏப்ரல் 27ஆம் திகதி, பொல்கஹவெலவுக்குப் பக்கத்தில் யாங்கல்மோதர கடவையில் ஆட்கள் நிறைந்த ஒரு பஸ்ஸை ரயில் மோதியது. இன்னொரு பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடிவந்த சாரதி, ரயில் வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று போனதாக அன்று செய்திகள் சொல்லின. முப்பதுக்கும் அதிகமானோர் அந்த இடத்திலேயே போனார்கள். இரண்டுக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: விதி. பெரலியவில் அந்தச் சொல்லை என்னால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. கடலை யாரும் அழைக்கவில்லை. யாங்கல்மோதரவில் முடியவில்லை. வெவ்வேறு ஊரில் பிறந்து வெவ்வேறு வேலைக்குப் புறப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பழைய வினைகள் எல்லாம் ஒரு காலையில் ஒரு பஸ்ஸில் டிக்கட் எடுத்து ஏறின என்று நினைப்பதைவிட, ஒரு பஸ்காரர் இன்னும் நாலு பயணிகளைப் பிடிக்க அவசரப்பட்டார் என்று நினைப்பதில் உண்மை அதிகம். அந்த அவசரம் அவருடைய ஆகாமியம். பயணிகளைப் பிடித்தால்தான் காசு என்று அவரை ஓடவிட்ட தொழில்முறைக்கும் அதில் பங்கு உண்டு.

விதி என்றால் மாற்ற முடியாதது. இந்தியாவில் 2014 ஜூலையில் தெலங்கானாவின் மாசாய்ப்பேட்டையிலும், 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகரிலும், காவலாள் இல்லாத கடவைகளில் பள்ளிக்கூட வண்டிகளை ரயில் மோதியது. இரண்டு இடங்களிலும் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு வேலையை முடுக்கி, 2019 ஜனவரிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாத கடவை ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துவிட்டார்கள். சில இடத்தில் பாலம் வந்தது, சில இடத்தில் சுரங்கப்பாதை வந்தது, சில இடத்தில் காவலாள் வந்தார். அந்த வகைச் சாவு அதோடு நின்றது. ஒரு நிர்வாகம் மனம் வைத்தால் நிற்கக்கூடிய சாவை எப்படி விதி என்று சொல்வது?

காவலாள் வந்தும் சாவு வருகிறதே என்று கேட்பீர்கள். 2025 ஜூலை 8ஆம் திகதி கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் அதுதான் நடந்தது. திறந்திருந்த கேட்டுக்குள் போன பள்ளிக்கூட வேனைப் பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதில் இருவர் கூடப்பிறந்தவர்கள். கேட் காவலரை அன்றைக்கே கைது செய்தார்கள். அவர் தவறு செய்திருந்தால் பதில் சொல்லட்டும். ஆனால் அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைத்திருந்தால், கேட் மூடிப் பூட்டு விழும்வரை ரயிலுக்கு வழிவிடும் சிக்னல் கிடைக்காது. காவலர் தூங்கினாலும் மறந்தாலும் ரயில் நின்றிருக்கும். அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்ட ஓராண்டாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கிடைக்கவில்லை என்று ரயில்வே சொன்னது. மனிதன் மறப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் ஒரு மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பினால், அந்த மறதி அவன் ஒருவனுடையது ஆகாது.

நம் நாட்டில் நிலை இதைவிடக் கீழே. 2013 முதல் பொலிஸ் ஊடாகக் கடவைக் காப்பாளர்களைச் சேர்த்தார்கள். ஒரு நாளைக்குக் கொடுத்தது 250 ரூபா, மாதத்துக்கு 7,500 ரூபா. அந்த ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. அது போதாது என்று நாங்கள் போராடிக்கொண்டிருந்தோம். அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, ஊரார் உயிரைக் காக்கும் வேலையில் ஆட்களை வைத்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

இந்த இடத்தில் பெரிய புராணத்தைத் திறக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் திருவாரூரைப் பாடத் தொடங்கும்போதே எடுத்து வைப்பது ஒரு வீதி விபத்தைத்தான். இளவரசன் தேரில் வருகிறான். ஒரு கன்று துள்ளி வந்து சில்லுக்குள் பாய்கிறது. இளவரசன் வேண்டுமென்று ஓட்டவில்லை, கன்று வந்ததை யாரும் பார்க்கவும் இல்லை. இன்றைய அறிக்கையாக இருந்தால் “கன்றின் கவனயீனம்” என்று எழுதி முடித்திருப்பார்கள். தாய்ப்பசு போய் அரண்மனை மணியைக் கொம்பால் அசைக்கிறது. மனுநீதிச் சோழன் அதனிடம் “உன் கன்றின் தலையெழுத்து” என்று சொல்லவில்லை. சைவத்தின் பெருநூல் ஒன்று, கன்மத்தை நம்பும் அரசன் ஒருவனைக் காட்டி, அந்தப் பசுவுக்கு முன்னால் கன்மம் என்ற சொல்லையே எடுக்காமல் நடந்துகொள்ளும்படி அவனை எழுதியிருக்கிறது. முறைப்படி பிராயச்சித்தம் செய்யலாம் என்று அமைச்சர் சொல்கிறார். அதனால் இந்தப் பசுவின் நோய் தீருமா என்று அரசன் கேட்கிறான். மண்ணைக் காக்கும் அரசன் ஐந்து பயங்களிலிருந்து உயிர்களைக் காக்க வேண்டும் என்றும் சேக்கிழார் பட்டியல் போடுகிறார். முதலாவது, அரசனாலேயே வரும் பயம். இரண்டாவது, அவனுடைய ஆட்களால் வரும் பயம். பகைவரும் கள்வரும் விலங்குகளும் அதற்குப் பிறகுதான்.

ரயில் அரசாங்கத் திணைக்களத்துடையது. தண்டவாளம் அரசாங்கத்துடையது. கடவையில் மனிதனுக்கு வரும் பயம் சேக்கிழாரின் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருக்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை நாம் இன்று கேட்க வேண்டியதில்லை. அரசன் தன் வீட்டிலிருந்து தொடங்கினான் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று கடவையில் உயிர் போனால், சொற்பக் கூலிக்கு நிற்கும் காப்பாளரோ கேட் காவலரோ பிடிபடுகிறார். கேட்டுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு பக்கம் திருப்பியவருக்கும், கோப்பை மேசையில் வைத்திருந்தவருக்கும் பசுவின் நோய் கொஞ்சமும் தட்டுவதில்லை.

அந்தக் கதையில் இளவரசனையும் பார்க்க வேண்டும். அவன் நடுநடுங்கி, தாயின் அலறல் தாங்காமல், இதற்குக் கழுவாய் உண்டா என்று கேட்டு ஓடுகிறான். எங்கள் தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவர் இருக்கிறார். ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் வீட்டில் தானம் கொடுப்பார். யாருக்காக என்று நான் கேட்டபோது, பெயர் தெரியாத ஒரு பொம்பளைக்கும் அவளுடைய இடுப்பில் இருந்த பிள்ளைக்கும் என்றார். “ஹோர்ன் அடிச்சேன் மாஸ்டர், பிரேக்கும் போட்டேன். அதுக்கு மேலே என் கையில என்ன இருக்கு?” உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு சறுக்கிக்கொண்டு போகும். வேகமாக வரும் ரயில் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். பஸ் சாரதியைப் போல ஒதுங்கவும் வழியில்லை. முன்னால் நிற்பவரின் முகம் தெரிந்த பிறகும் சாரதி அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விசாரணையில் இவர் குற்றமற்றவர் என்றார்கள். அந்தத் தீர்ப்பு இவருக்குத் தூக்கம் தரவில்லை.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பேர்னார்ட் வில்லியம்ஸ் இதே நிலையை எடுத்து எழுதியிருக்கிறார். எந்தத் தவறும் செய்யாமல் ஒரு குழந்தையை மோதிவிட்ட லொறி சாரதியின் வருத்தம், பக்கத்தில் நின்று பார்த்தவனின் வருத்தத்தைப் போல இருக்காது, இருக்கவும் கூடாது என்கிறார் அவர். குற்றம் இல்லாவிட்டாலும் கை அவனுடையது. உடனே “நான் என்ன செய்ய?” என்று துடைத்துவிட்டுப் போகிறவனிடம் நமக்கே ஒரு சந்தேகம் வரும். பௌத்தம் சேதனையையே, அதாவது மனத்தின் நாட்டத்தையே, கம்மம் என்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் கீழ்க்கிராமத்து ரயில் சாரதிக்குப் பாவம் எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தானம் கொடுக்கிறார். அதுதான் மனிதத் தன்மை என்று நான் நம்புகிறேன். செத்தவளுக்குப் பெயர் சொல்லி அழ ஆளில்லாத நாளில், அவளுக்குச் சொந்தமில்லாத ஒருவர் புண்ணியம் அனுப்புகிறார். குற்றம் உள்ளவர்களுக்கு இந்த வருத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நாட்டில் பாதிக் கடவைகளுக்கு எப்போதோ கேட் வந்திருக்கும்.

ஆக, கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு என் பதில் இது. கன்மம் பொய்யில்லை. அது அவரவர் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. பிள்ளையை இழந்த தாய், “எனக்குக் கொடுத்து வைக்கல்ல” என்று தானே சொன்னால், நான் தலை குனிந்து கேட்பேன். அது அவள் தன் துயரத்தைத் தூக்கி நடக்கக் கண்டுபிடித்த வழி. அதைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. அதே சொல்லை அவளிடம் வேறொருவர் சொன்னால் அது தீர்ப்பு. அதே சொல்லை அதிகாரி சொன்னால் அது தப்பித்தல். திருவள்ளுவர் ஊழை 38ஆம் அதிகாரமாக அறத்துப்பாலின் முடிவில் வைத்தார். பிறகு அரசனைப் பற்றிப் பேசத் தொடங்கி, 54ஆம் அதிகாரத்தில் மறதியின்மையையும் 62ஆம் அதிகாரத்தில் விடாமுயற்சியையும் வைத்தார். ஆட்சிப் பொறுப்பில் இருப்பவனுக்கு ஊழ் என்று தனி அதிகாரம் அவர் ஒதுக்கவில்லை.

இனி இழவு வீட்டுக்குப் போகும்போது, அந்தத் தாயிடம் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும். கருமாதி முடிவதற்குள் தோட்டத்தில் படித்த பிள்ளைகள் இருவரை உட்காரவைத்து, எந்தக் கடவை, எந்த இரு நிலையங்களுக்கு நடுவே, கேட் இருந்ததா, மணி அடித்ததா, விளக்கு எரிந்ததா என்று எழுதுங்கள். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. பிரதேச சபைக்கும் ரயில்வே பொது முகாமையாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விகாரையிலும் தேவாலயத்திலும் கையெழுத்துக் கேளுங்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அதே தண்டவாளத்தைத்தான் தாண்டுகிறார்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். வாயில்லாத பசுவே மணியை அடித்து நீதி கேட்டது. நமக்கு வாய் இருக்கிறது, எழுதத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். செத்த பிள்ளையின் பிறவிக் கணக்கை இறைவனிடம் விட்டுவிட்டு, கடவையின் கணக்கை நாம் கேட்போம்.